ஹெட்லைட் வெளிச்சம் எங்கே விழுகிறது? புதிதாகக் கார் ஓட்டுபவர்களுக்கு

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ல் அடுத்தடுத்து இரண்டு விதிகள் உண்டு. இருட்டிய பிறகு ஓடும் வண்டியின் விளக்கு, 155 மீட்டர் முன்னால் ரோட்டில் இருக்கும் ஆளும் வண்டியும் தெளிவாகத் தெரியும்படி எரிய வேண்டும் என்கிறது 105-ஆம் விதி. வண்டிக்கு 8 மீட்டர் முன்னால், வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணை அந்த விளக்கு கூச வைக்கக் கூடாது என்கிறது 106-ஆம் விதி. தூரத்தில் நடப்பவர் தெரிய வேண்டும், எதிரில் வருபவர் கண் கூசக் கூடாது. ஒன்றுக்கொன்று எதிரான இந்த இரண்டு வேலைக்காகத்தான் டிம், பிரைட் என்று இரண்டு வெளிச்சம் வைத்திருக்கிறார்கள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இரவில் கார் எடுப்பவர்களுக்கு இந்த இரண்டும் தினமும் மோதிக்கொள்ளும். 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஓசூரிலிருந்து தொப்பூர் தாண்டும்வரை லாரி ஓயாது. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு இறங்கும் மலைப்பாதையிலும், தேன்கனிக்கோட்டை – அஞ்செட்டி காட்டுப்பாதையிலும் எதிரே வரும் பஸ்ஸுக்கும் நமக்கும் நடுவில் தடுப்பு எதுவும் இல்லை. ராகி அறுப்பு நேரத்தில் கிராமத்து ரோட்டிலேயே கதிரைப் பரப்பிக் காயவைப்பார்கள். பொழுது சாய்ந்ததும் குவித்து மூடி, சுற்றிக் கல் வைத்துவிட்டுப் போவார்கள். அந்தக் கல் டிம் லைட்டில் எத்தனை மீட்டருக்கு முன்பே கண்ணில் படுகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

"வெளிச்சமே பத்தலைங்க" என்று சொல்லி, நேராகக் கடைக்குப் போய் 100/90 வாட்ஸ் (பிரைட்டுக்கு 100, டிம்முக்கு 90) பல்பையோ எல்.இ.டி.யையோ வாங்கி மாட்டுபவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வாங்குவதற்கு முன் ஒரு சுவருக்கு எதிரே காரை நிறுத்தி, வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்திருந்தால் பாதிப் பேருக்கு அந்தச் செலவே தேவைப்பட்டிருக்காது என்பது என் எண்ணம்.

டிம் லைட்டுக்கு ஒரு வடிவம் உண்டு

பழைய கார்களிலும் விலை குறைந்த மாடல்களிலும் இன்றைக்கும் அதிகம் இருப்பது எச் 4 என்ற ஹாலோஜன் பல்ப். அதற்குள் இரண்டு இழைகள்: பிரைட்டுக்கு 60 வாட்ஸ், டிம்முக்கு 55 வாட்ஸ். பின்னால் மூன்று பின். டிம் இழைக்குக் கீழே சின்னக் கிண்ணம் மாதிரி ஒரு தகடு இருக்கும். பல்பை உயர்த்திப் பிடித்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். அந்தத் தகடு கீழ்நோக்கிப் போகும் வெளிச்சத்தை மறைத்துவிடும். அதனால் டிம்மில் வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் (பல்பைச் சுற்றியிருக்கும் பளபளப்பான வளைவு) மேல்பாதியில் மட்டும் பட்டு, திரும்பிக் கீழ்நோக்கி ரோட்டில் விழும். பிரைட் போட்டால் மற்ற இழை எரியும். அதற்கு மறைப்பு இல்லை. முழு ரிஃப்ளெக்டரும் வேலை செய்து வெளிச்சம் நேராக முன்னே பாயும்.

டிம் லைட்டைச் சுவரில் அடித்தால் கீழே வெளிச்சம், மேலே இருட்டு, நடுவில் ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டை 'வெளிச்சக்கோடு' என்று வைத்துக்கொள்வோம். கோடு முழுக்க நேராக இருக்காது. வலது பாதி படுக்கையாக இருக்கும். நடுவிலிருந்து இடதுபக்கம் சரிவாக மேலே ஏறும். நாம் ரோட்டின் இடதுபக்கம் ஓட்டுகிறோம், எதிர் வண்டி வலதில் வருகிறது. அதனால் வலதுபக்க வெளிச்சத்தைத் தாழ்த்தி, இடது ஓரத்தில் நடப்பவரும் சைக்கிளும் மைல்கல்லும் தூரத்திலேயே தெரியும்படி அந்தப் பக்கத்தை மட்டும் உயர்த்தியிருக்கிறார்கள். ரோட்டின் வலதுபக்கம் ஓட்டும் நாட்டுக்காகச் செய்த ஹெட்லைட்டை இங்கே மாட்டினால் இந்தச் சரிவு வலதுபக்கம் ஏறி, எதிரே வருபவரின் கண்ணில் போய் நிற்கும். வெளிநாட்டு உதிரி பாகம் மலிவாகக் கிடைக்கிறது என்று ஆன்லைனில் வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

புதிய மாடல்களில் எச் 7, எச் 11 மாதிரி ஒற்றை இழை பல்புகளும் வருகின்றன. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. புரொஜெக்டர் ஹெட்லைட் என்றால் உள்ளே ஒரு உருண்டை லென்ஸ் இருக்கும், வெளிச்சக்கோடு கத்தியால் கீறியதுபோல் கூர்மையாக விழும். வகை எதுவானாலும் டிம்மின் வடிவம் ஒன்றுதான்.

அந்தக் கோடு எவ்வளவு தாழ்ந்திருக்க வேண்டும்? ஹெட்லைட்டின் மேலோ, பானெட்டைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலோ 1.0%, 1.2% என்று ஏதாவது ஒரு எண் போட்டிருப்பார்கள். ஒரு சதவீதம் என்றால் 10 மீட்டர் தூரத்துக்கு 10 செ.மீ. இறக்கம். சின்னக் காரில் ஹெட்லைட்டின் மையம் தரையிலிருந்து 65 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொண்டால், ஒரு சதவீத இறக்கத்தில் கோடு தரையைத் தொடுவது 65 மீட்டரில். இரண்டு சதவீதம் இறங்கிவிட்டால் 32 மீட்டரில் தொட்டுவிடும். மூன்று சதவீதத்தில் 22 மீட்டருக்கும் குறைவு.

இந்த எண்களை வேகத்தோடு சேர்த்துப் பாருங்கள். 80 கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆனாலே 22 மீட்டர் போச்சு. அதன் பிறகு காய்ந்த ரோட்டில், நல்ல டயரில், முழு பிரேக்கில் வண்டி நிற்க இன்னும் 35 மீட்டருக்கு மேல் வேண்டும். மொத்தம் 60 மீட்டருக்குப் பக்கம். ஒரு சதவீதத்தில் செட் ஆன ஹெட்லைட் இதற்கு மட்டுமட்டாகப் போதும். மூன்று சதவீதம் தாழ்ந்த ஹெட்லைட்டில், கல் தெரிவதும் கல்லில் ஏறுவதும் ஒரே நொடியில் நடக்கும். இரவில் மோட்டார் போடப் போகிறவர் டார்ச்சைத் தன் பாதத்திலேயே அடித்துக்கொண்டு நடப்பது போலத்தான் இது: காலடி பளிச்சென்று இருக்கும், பத்தடி தள்ளிக் கிடக்கும் பாம்பு தெரியாது. அந்த நிலையில் பல்பை எத்தனை வாட்ஸுக்கு உயர்த்தினாலும் பம்பருக்கு முன்னால் இருக்கும் தார்தான் இன்னும் பளபளக்கும்.

எரியவில்லை, மங்குகிறது, விட்டுவிட்டு எரிகிறது

வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் ஸ்க்ரூ ஹெட்லைட்டின் பின்னால் இருக்கும். அதைத் தொடுவதற்கு முன் விளக்கு ஒழுங்காக எரிகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் வேலை இரட்டிப்பாகும்.

ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் அநேகமாகப் பல்ப். சந்தேகமாக இருந்தால் இடது பல்பை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் பல்ப் போயிருக்கிறது. கோளாறு அதே பக்கம் நின்றால் கப்ளர் (பல்பின் பின்னால் செருகும் பிளக்), வயர், ஃபியூஸ் என்று தேட வேண்டும். பல கார்களில் இடது டிம்முக்கு ஒரு ஃபியூஸ், வலது டிம்முக்கு ஒரு ஃபியூஸ் என்று தனித்தனியாக இருக்கும். ஃபியூஸ் பெட்டியின் மூடியில் படம் போட்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் ஒன்றாக அணைந்தால் ரிலே (ஸ்விட்ச் போட்டதும் விளக்குக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சின்னப் பெட்டி), ஸ்விட்ச் பக்கம் போங்கள். ஆனால் ஒரு விஷயம்: ஒரு பல்ப் போய் ஒரு மாதமாக ஒற்றைக் கண்ணோடு ஓட்டிக்கொண்டிருந்து, இன்னொன்றும் போனபிறகு "ரெண்டும் ஒரே நேரத்துல போயிடுச்சு" என்று வருபவர்கள் நிறைய. வாரத்துக்கு ஒரு நாள் காரைக் கதவுக்கோ சுவருக்கோ எதிரே நிறுத்தும்போது இரண்டு வட்டமும் விழுகிறதா என்று ஒரு பார்வை பார்த்தால் போதும்.

பிரைட் எரிகிறது, டிம் எரியவில்லை என்றால் எச் 4-ல் டிம் இழை மட்டும் அறுந்திருக்கும். அந்தப் பல்பை வைத்துக்கொண்டு "பிரைட்லயே ஓட்டிக்கலாம்" என்று தர்மபுரியிலிருந்து அரூர் வரை போவதை என்னால் மன்னிக்க முடியாது. எதிரே வருபவர் இருசக்கர வண்டியில் இருந்தால் அவருக்கு ரோடே மறைந்துவிடும்.

மங்கலாக எரிவது கொஞ்சம் நுணுக்கமான விஷயம். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். அது முழுசாகப் பல்புக்குப் போய்ச் சேர்கிறதா என்பதுதான் கேள்வி. ஹாலோஜன் பல்பில் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் பத்தில் ஒரு பங்கு குறைவதோடு நிற்காது. ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு போய்விடும். ஹெட்லைட்டை எரியவிட்டு, மல்டிமீட்டரை முதலில் பேட்டரியிலும் பிறகு பல்பின் பின்னிலும் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நடுவில் எங்கோ மின்சாரம் தேங்குகிறது. முதல் சந்தேகம் எர்த், அதாவது மின்சாரம் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு. பாடியில் எர்த் வயர் பிடிக்கும் போல்ட்டில் துரு ஏறியிருக்கும். கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, திரும்ப இறுக்கினாலே சில கார்களில் வெளிச்சம் எழுந்து உட்காரும். டிம் போட்டால் பிரைட் இழையும் மெலிசாகச் சிவப்பாக எரிகிறது, இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட்டும் சேர்ந்து துடிக்கிறது என்ற மாதிரி வினோதங்கள் எல்லாம் பெரும்பாலும் எர்த் கோளாறுதான்.

இரண்டாவது சந்தேகம் கப்ளர். கழற்றிப் பார்க்கும்போது பிளாஸ்டிக் பழுப்பேறி, பின் இருக்கும் இடம் உருகியிருந்தால் அங்கே சூடு ஏறியிருக்கிறது. 55 வாட்ஸ் பல்ப் 12 வோல்ட்டில் நாலரை ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல் இழுக்கும். 100 வாட்ஸ் என்றால் எட்டு ஆம்பியரைத் தாண்டும். கம்பெனி கொடுத்த வயரும் ஸ்விட்சும் அதற்காகச் செய்தவை இல்லை. 100/90 போட்டுவிட்டு ஆறு மாதம் கழித்து "கப்ளர் உருகிடுச்சு, ரிஃப்ளெக்டர் வெள்ளையாயிடுச்சு" என்று வருவது அதனால்தான். பழைய காராக இருந்து, ஹெட்லைட் மின்சாரம் முழுக்க ஸ்விட்ச் வழியாகவே போகிறது என்றால், ரிலே வைத்த வயரிங் கிட் போடுவது நல்ல செலவு. பேட்டரியிலிருந்து தடிமனான வயர் நேராகப் பல்புக்கு வரும். ஸ்விட்ச் ரிலேவை மட்டும் இயக்கும். அதே 60/55 பல்ப் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பிரகாசமாகும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே அந்த வயருக்கு ஒரு ஃபியூஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். புது கார்களில் கம்ப்யூட்டர் யூனிட்டே விளக்கைக் கட்டுப்படுத்துவதால் அங்கே இந்த வேலை வேண்டாம்.

குழியில் இறங்கினால் அணைந்து எரிவது லூஸ் கனெக்‌ஷன். புது பல்ப் போட்ட ஒன்றிரண்டு மாதத்தில் மறுபடி மறுபடி போனால், ஒன்று கண்ணாடிக் குமிழில் விரல் பட்டிருக்கும், அல்லது சார்ஜிங் 15 வோல்ட்டைத் தாண்டுகிறதா என்று ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டியிருக்கும். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் குமிழ் சமமில்லாமல் சூடாகிச் சீக்கிரம் போய்விடும். டிஷ்யூ தாளால் பிடித்து மாட்டுங்கள். தவறித் தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துடைத்தால் போதும்.

மாட்டும்போது இன்னொன்று. எச் 4 பல்பின் வட்டத் தகட்டில் மூன்று காதுகள் இருக்கும். ஒன்று மற்ற இரண்டைவிட அகலம், அது மேலே வர வேண்டும். அவசரத்தில் கோணலாக உட்காரவைத்துக் கம்பி கிளிப்பைப் போட்டுவிட்டால் பல்ப் எரியும், ஆனால் வெளிச்சம் மரக்கிளைக்குப் போகும். பல்ப் மாற்றிய அன்றைக்கே எதிர் வண்டிகள் பிரைட் அடித்துக் காட்ட ஆரம்பித்தால் ஸ்க்ரூவைத் திருகாதீர்கள், பல்பை எடுத்துத் திரும்ப உட்காரவையுங்கள். பின்னால் இருக்கும் ரப்பர் மூடியையும் மறக்காமல் போடுங்கள். கிருஷ்ணகிரி, பர்கூர்ப் பக்கம் கிரானைட் பட்டறைத் தூசி மூடியில்லாத ஹெட்லைட்டுக்குள் போய்ப் படிந்தால் அதைத் துடைக்கவும் முடியாது. ரிஃப்ளெக்டர் மேல் இருப்பது மெல்லிய அலுமினியப் பூச்சு, துணி பட்டால் வழித்துக்கொண்டு வந்துவிடும்.

முன்பக்க மூடி மஞ்சளாகிப் போயிருந்தால் அது வெயில் செய்த வேலை. இப்போதைய ஹெட்லைட் கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். மேலிருக்கும் பாதுகாப்புப் பூச்சு போனதும் புற ஊதாக் கதிர் பட்டு மங்கிவிடும். பல் தேய்க்கும் பேஸ்ட் வைத்துத் தேய்க்கும் வீடியோக்கள் ஏராளம்; ஒரு வாரத்துக்குப் பளபளக்கும், அவ்வளவுதான். 800, 1000, 2000 என்று படிப்படியாகத் தண்ணீர் உப்புத்தாள் போட்டு, பாலிஷ் செய்து, கடைசியில் புற ஊதாவைத் தடுக்கும் கிளியர் கோட் அடித்தால்தான் நிலைக்கும். மழைக்காலத்தில் உள்ளே லேசாக ஆவி படிந்து, விளக்கு எரிந்த கொஞ்ச நேரத்தில் போய்விட்டால் கவலை வேண்டாம். தண்ணீர் அடியில் தேங்கி ஆடினால் சீல் போயிருக்கிறது.

இவ்வளவுக்கும் முன்னால் முன்கண்ணாடியின் உள்பக்கத்தை ஒரு தடவை துடைத்துப் பாருங்கள். ஏசியும் டேஷ்போர்டு ஆவியும் சேர்ந்து அங்கே ஒரு படலம் இருக்கும். பகலில் தெரியாது. எதிர் வெளிச்சம் படும்போது கண்ணாடி முழுக்கப் பால் ஊற்றியதாக ஆகிவிடும்.

சுவரில் செட் செய்வது

பெரிய ஒர்க்‌ஷாப்பில் இதற்கென்று லென்ஸ் வைத்த மெஷின் இருக்கும். அது இல்லாமலும் ஒரு சுவர், மாஸ்கிங் டேப், அளவு டேப், ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் போதும்.

இடம் கிடைப்பதுதான் கஷ்டம். நம் ஊரில் சமதரை அபூர்வம். முகூர்த்தம் இல்லாத நாளில் கல்யாண மண்டபத்தின் பார்க்கிங், ரைஸ் மில் களம் மாதிரி காங்கிரீட் போட்ட இடம் பாருங்கள். ரசமட்டம் வைத்துப் பார்க்கும் அளவுக்குச் சமமாக இருக்க வேண்டும் என்று சொல்வார்கள். உண்மையில் லேசான சரிவு இருந்தாலும் பாதகமில்லை. கார் நிற்கும் இடத்திலிருந்து சுவரடி வரை ஒரே சரிவாக இருந்தால் சரி. கார் நிற்பது ஒரு சரிவிலும் சுவரடி தண்ணீர் வடிவதற்காக வேறு சரிவிலும் இருந்தால்தான் கணக்கு கெடும். நிறைய காம்பவுண்டு சுவர்களின் அடியில் அப்படித்தான் கட்டியிருப்பார்கள்.

டயர் காற்றைச் சரிபாருங்கள். டிக்கியில் இருக்கும் மூட்டையை இறக்குங்கள். டேஷ்போர்டில் ஹெட்லைட் உயரத்தை மாற்றும் சக்கரம் இருந்தால் அதை 0-வில் வையுங்கள். இதை மறந்தால் முழு வேலையும் வீண். டிரைவர் சீட்டில் ஓட்டுபவரோ, அவர் எடைக்கு ஒருவரோ உட்கார வேண்டும். நான்கு மூலையிலும் காரை ஒரு தரம் அமுக்கி விட்டால் சஸ்பென்ஷன் இயல்பான நிலைக்கு வரும்.

இப்போது காரைச் சுவரை ஒட்டிக் கொண்டுபோங்கள். ஹெட்லைட் மூடியில் பல்புக்கு நேராகச் சின்னப் புள்ளியோ வட்டமோ இருக்கும், அதுதான் மையம். இரண்டு மையங்களையும் சுவரில் குறித்து, அவற்றின் வழியாகப் படுக்கையாக ஒரு டேப், ஒவ்வொரு மையத்திலும் செங்குத்தாக ஒரு டேப் ஒட்டுங்கள். பிறகு ஸ்டீயரிங்கைத் திருப்பாமல் நேராக 5 மீட்டர் பின்னால் வாருங்கள். அளக்க வேண்டியது ஹெட்லைட்டிலிருந்து சுவர் வரை. ஒரு சதவீத இறக்கம் என்றால் 5 மீட்டரில் 5 செ.மீ. படுக்கை டேப்புக்கு 5 செ.மீ. கீழே இன்னொரு டேப். ஸ்டிக்கரில் 1.2% என்று இருந்தால் 6 செ.மீ. ஜீப் மாதிரி ஹெட்லைட் உயரமாக இருக்கும் வண்டிகளுக்கு இறக்கம் இன்னும் அதிகமாக இருக்கும். அதனால் உங்கள் வண்டியில் போட்டிருக்கும் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இருட்டியதும் டிம் போடுங்கள். ஒரு பக்கக் கப்ளரைக் கழற்றிவிட்டு மற்றதைப் பாருங்கள். மூடி மேல் துணி போட்டு மறைப்பவர்கள் உண்டு, சூட்டில் பிளாஸ்டிக் கெடும். வெளிச்சக்கோட்டின் படுக்கைப் பகுதி கீழ் டேப்பில் உட்கார வேண்டும். கோடு மேலே திரும்பும் அந்த மடங்கல், செங்குத்து டேப்பில் வர வேண்டும். பானெட்டுக்குள் ஹெட்லைட்டின் பின்புறம் இரண்டு ஸ்க்ரூக்கள் இருக்கும்: ஒன்று மேல்-கீழ், மற்றது இடம்-வலம். ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரோ சின்ன ஸ்பேனரோ போதும். எந்தப் பக்கம் திருகினால் ஏறும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். அரைச் சுற்று திருகி, சுவரைப் பார்த்து, பிறகு அடுத்த அரைச் சுற்று. உள்ளே இருப்பது பிளாஸ்டிக் பல்சக்கரம். வேகம் காட்டினால் வழுக்கிவிடும். எவ்வளவு திருகியும் கோடு அசையவில்லை என்றால் அது ஏற்கெனவே வழுக்கியிருக்கும், அல்லது எப்போதோ பம்பர் இடித்ததில் ஹெட்லைட்டைப் பிடிக்கும் லாக் உடைந்திருக்கும். லாக் உடைந்தால் வெளிச்சம் ஆடிக்கொண்டே இருக்கும், எத்தனை முறை செட் செய்தாலும் நிற்காது.

எச் 4-ல் டிம் சரியானால் பிரைட்டும் தானாகச் சரியாகும், இரண்டும் ஒரே ரிஃப்ளெக்டர். டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனி ரிஃப்ளெக்டர் உள்ள சில கார்களில் தனி ஸ்க்ரூவும் இருக்கலாம். பிரைட்டைப் பார்த்து டிம்மைச் செட் செய்யும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. எதிரில் வருபவர் பார்ப்பது டிம்மைத்தான், அதனால் அது தலைகீழ்.

முடித்தபின் 106-ஆம் விதிப்படி நீங்களே நின்று பார்க்கலாம்: 8 மீட்டர் முன்னால், காரின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, கண் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும்படி. அங்கே கண் கூசினால் ஹெட்லைட் மோசமாகத் தூக்கியிருக்கிறது என்று அர்த்தம். கூசவில்லை என்பதாலேயே சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு வெளிச்சம் போக வேண்டுமானால் அந்தத் தூரத்தில் 10 சதவீதத்துக்கும் மேல் தூக்கியிருக்க வேண்டும். சுவர்க் கணக்குதான் நம்பகமானது.

அந்தச் சின்னச் சக்கரம்

0, 1, 2, 3 என்று போட்ட அந்தச் சக்கரம் எதற்கென்று பலரும் தெரிந்துகொள்வதே இல்லை. மாம்பழ சீசனில் சந்தூர்ப் பக்கம் போய், டிக்கி நிறைய பெங்களூரா கூடைகளை ஏற்றி, பின்சீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து வருகிறீர்கள். பின்பக்கம் 5 செ.மீ. அமுங்குகிறது என்று வையுங்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் 240 செ.மீ. தூரம் உள்ள காரில் இது இரண்டு சதவீதத்துக்கும் கொஞ்சம் மேல். ஒரு சதவீதம் இறங்கியிருந்த கோடு இப்போது ஒரு சதவீதம் ஏறி நிற்கிறது. 50 மீட்டர் எதிரே அது தரையிலிருந்து 115 செ.மீ. உயரம், கிட்டத்தட்ட எதிர்க் கார் டிரைவரின் கண் உயரம். நீங்கள் டிம்மில்தான் வருகிறீர்கள், ஆனாலும் அவர் திட்டுகிறார். பாரம் ஏறினால் எண்ணைக் கூட்டுங்கள், கோடு இறங்கும். இறக்கியபின் மறக்காமல் 0-வுக்கு வாருங்கள்.

எல்.இ.டி. பல்ப் பற்றிக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். கம்பெனியிலிருந்தே எல்.இ.டி. ஹெட்லைட்டோடு வரும் கார் வேறு. ஹாலோஜனுக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி. பல்பைச் செருகுவது வேறு. ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும், இழை எந்த மில்லிமீட்டரில் இருக்கும் என்று கணக்குப் போட்டுச் செய்தது. எல்.இ.டி. சில்லுகள் ஒரு பட்டைத் தகட்டின் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும். அந்த இடத்தில் அவை இருந்தாலும் நான்கு பக்கமும் வீசும் இழையின் வெளிச்சம் வராது. சுவரில் அடித்துப் பார்த்தால் கோடு கலங்கி, மேலே வெள்ளைத் திட்டுகள் தெரியும். ஓட்டுபவருக்குப் பம்பருக்கு முன்னால் வெள்ளை வெளேரென்று இருப்பதால் வெளிச்சம் கூடியதாகத் தோன்றும். 60 மீட்டரில் என்ன தெரிகிறது என்று கேட்டால் பதில் வராது. வண்டியை உற்பத்தியாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாற்றுவதைத் தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-ஆவது பிரிவும் இருக்கிறது. நீலப்பூச்சு பூசிய 'வெள்ளை' ஹாலோஜனும் எனக்குப் பிடிக்காது. அந்தப் பூச்சே வெளிச்சத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

ஹெட்லைட் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதும் நம் மாநிலத்தில் பழைய வழக்கம். கொஞ்சம் வெளிச்சத்தைக் குறைக்கும், கோடு நிற்கும் இடத்தை அது மாற்றாது. தூக்கிப் பார்க்கும் ஹெட்லைட் ஸ்டிக்கரோடும் தூக்கித்தான் பார்க்கும்.

ஸ்க்ரூவால் தீராத சில சமயங்களும் உண்டு. ராயக்கோட்டைப் பக்கம் மேடுபள்ளமான ரோட்டில், எதிரே வரும் கார் மேட்டின் உச்சியில் மூக்கைத் தூக்கும்போது சரியாகச் செட் செய்த டிம்மும் கண்ணில் அடிக்கும். அதற்காகப் பதிலுக்குப் பிரைட் அடித்துப் பயனில்லை. பார்வையை இடது ஓர வெள்ளைக்கோட்டுக்குக் கொண்டுபோய், வேகத்தைக் குறைத்தால் கடந்துவிடும். நான்குவழிச் சாலையின் நடுவில் வளர்ந்திருக்கும் அரளிச் செடிகள் எதிர் வெளிச்சத்தை நன்றாகத் தடுக்கின்றன. ஆனால் முன்னால் போகும் காரின் கண்ணாடி வழியாக நம் பிரைட் அந்த டிரைவர் கண்ணுக்கே போகிறது. அவரை நெருங்கும்போது டிம்முக்கு வாருங்கள். மார்கழியில் ஓசூர், தளிப் பக்கம் விடியற்காலைப் பனிமூட்டத்தில் பிரைட் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம்மிடமே திரும்பும்; டிம்தான் சரி. அஞ்செட்டிக் காட்டில் மட்டும், எதிரே யாரும் இல்லாத நேரமெல்லாம் பிரைட்டில் போங்கள். டிம்மின் கோட்டுக்கு மேலே இருட்டு என்பதால் யானை நின்றால் கால்கள்தான் தெரியும், அதுவும் சாம்பல் நிறத்தில், தாரோடு தாராக.

கம்பெனி எல்.இ.டி. ஹெட்லைட் உள்ள புதுக் கார்களில் பல்ப் என்று தனியாக மாற்ற எதுவும் இருக்காது. கோளாறு வந்தால் பெரும்பாலும் முழு யூனிட்டுக்குத்தான் விலை சொல்வார்கள், அதனால் வாரண்டி இருக்கும்போதே சர்வீஸ் சென்டரில் காட்டிவிடுங்கள். அங்கேயும் மேல்-கீழ் ஸ்க்ரூ உண்டு, சுவர்க் கணக்கும் அதேதான். பாரத்துக்கேற்பத் தானாக ஏறி இறங்கும் வசதி உள்ள மாடல்களில் மட்டும் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். சிலவற்றில் கம்ப்யூட்டரை இணைத்து ஆரம்ப நிலையைப் பதியவைத்த பிறகுதான் செட் செய்ய முடியும்.